லண்டன், பாதாளச் சாக்கடை, கிருதுமால்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் திருநகரில் வசிக்கிறேன்; மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வரலாறு கற்பிக்கிறேன். சென்ற கோடை விடுமுறையில் லண்டனில் வேலை பார்க்கும் என் தங்கை வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். ஈராயிரம் ஆண்டுப் பழமையை அவர்கள் எவ்வளவு ஒழுங்காகப் பேணியிருக்கிறார்கள்! நாடாளுமன்றத்திலிருந்து கிழக்கே செல்லும் கரையோரப் பாதையில் நின்று தேம்ஸைப் பார்த்தபோது நம் வைகையை நினைத்து வெட்கப்பட்டேன். நமக்கும் வரலாறு உண்டு. ஆனால் சுத்தம் என்பது நம் மக்களின் இரத்தத்திலேயே இல்லை என்று தோன்றியது. என் மாணவர்களுக்குக் கொடுப்பதற்காக, லண்டன் வரலாற்றை ஐந்து பக்கங்களுக்குள் ஓர் அறிமுகமாக எழுதித் தர இயலுமா? லண்டன் பழையதா மதுரை பழையதா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். 1666-இன் பெருந்தீயைக் கண்ணகி மதுரையை எரித்ததுடன் ஒப்பிடலாமா? கோகினூர் வைரம் குறித்த தங்கள் கருத்தையும் அறிய விரும்புகிறேன்.

கே. எஸ்.,
திருநகர், மதுரை

அன்புள்ள கே. எஸ்.,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் லண்டனின் சாக்கடைகளைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். வயது ஏற ஏற, அரண்மனைகளை யார் கட்டினார்கள் என்னும் ஆர்வம் எனக்குக் குறைந்து, அந்த அரண்மனைக்குத் தண்ணீர் எந்த வழியாக வந்தது, கழிவு எங்கே போனது, அதை யார் சுமந்தார்கள் என்னும் ஆர்வம் கூடிவிட்டது. கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்கு அதுவே காரணம். நீங்கள் கேட்ட ஐந்து பக்க அறிமுகம் இதில் கிடைக்கும் என்று உறுதி கூற மாட்டேன்.

எளிய கேள்விகளை முதலில் முடித்துவிடலாம். ரோமானியப் படை பிரிட்டனில் இறங்கியது கி.பி. 43-இல். தேம்ஸில் பாலம் கட்டத் தோதான ஓரிடத்தில், அடுத்த சில ஆண்டுகளுக்குள் எழுந்த வணிகக் குடியிருப்புத்தான் லண்டன். அகஸ்டஸ் சீசருக்குப் பாண்டிய நாட்டிலிருந்து தூது சென்றதை கிரேக்க நிலவியலாளர் ஸ்ட்ராபோ குறித்திருக்கிறார். அகஸ்டஸ் இறந்தது கி.பி. 14-இல். அதாவது பாண்டியனின் தூதர் அகஸ்டஸிடம் போனபோது லண்டன் என்றோர் ஊரே இல்லை. இதை மாணவர்களிடம் சொல்லுங்கள், கைதட்டுவார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் அடுத்த பாடத்துக்குப் போய்விடுங்கள், ஏனெனில் ஊர்களின் வயதைப் போட்டிக்கு நிறுத்துவதால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. கண்ணகியையும், 1666-இன் தீ தொடங்கிய புட்டிங் லேன் ரொட்டிக் கடைக்காரரின் அடுப்பையும் ஒப்பிட வேண்டாம். ஒன்று அறம் கேட்டு எழுந்த காவியத் தீ, மற்றொன்று இரவில் சரியாக அணைக்கப்படாத அடுப்பு. கோகினூர் லண்டன் கோபுரக் கோட்டையில் இருக்கிறது. அதைப் பற்றி எழுதாதவர்களே இல்லை. நானும் எழுதி என்ன ஆகப்போகிறது?

அடுத்தது, "பேணியிருக்கிறார்கள்" என்று நீங்கள் வியந்தது. லண்டன் எதைப் பேணியது? கி.பி. 60 அல்லது 61-இல் பூடிக்கா என்னும் அரசி அந்த இளம் ஊரை அடியோடு எரித்தாள். ரோமானியர் மறுபடி கட்டி, சுற்றிலும் மதில் எழுப்பினார்கள். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் வெளியேறியபின் மதிலுக்குள் ஏறக்குறைய ஆளே இல்லை. பின்னால் வந்த சாக்சன்கள் மதிலுக்கு மேற்கே, இன்றைய ஸ்ட்ராண்ட் தெருவை ஒட்டிக் குடியேறினார்கள். ஆல்ஃபிரெட் அரசர் 886-இல் மறுபடி பழைய மதிலுக்குள் ஊரைக் கொண்டுவந்தார். 1666 செப்டம்பரில் 13,200 வீடுகளும் 87 திருச்சபை ஆலயங்களும் பழைய புனித பவுல் பேராலயமும் எரிந்தன. 1760-களில் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று சொல்லி மதிலின் வாயில்களை இடித்துக் கல்லை விலைக்கு விற்றார்கள். 1940 செப்டம்பர் 7 தொடங்கித் தொடர்ந்து 57 இரவுகள் ஜெர்மானிய விமானங்கள் குண்டு போட்டன. அவை விட்டுவைத்தவற்றில் சிலவற்றைப் போருக்குப் பின்வந்த கட்டட முதலாளிகள் இடித்தார்கள். நீங்கள் பார்த்து வியந்தது இத்தனைக்கும் தப்பிய மிச்சம்.

நம் ஊரிலும் அப்படித்தான். மதுரைக் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்க்க ஏற்பாடு செய்தவர் கலெக்டர் பிளாக்பர்ன். நீங்கள் பெரியார் நிலையத்தில் இறங்கி வெளி வீதியில் நடக்கும்போது நாயக்கர் காலத்து அகழியின் மீதுதான் நடக்கிறீர்கள். மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அந்த வேலையில் இருந்தவர்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. கலெக்டருக்கு நினைவுச் சின்னமாக விளக்குத்தூண் கிடைத்தது. இடித்ததைக் குற்றமாக நான் சொல்லவில்லை. மதிலுக்குள் மூச்சு முட்டிக்கொண்டிருந்த ஊர் வெளியே வருவதற்கு அது வேண்டியிருந்தது. இடிப்பதும் தூர்ப்பதும் இரண்டு ஊருக்கும் பொது என்றுதான் சொல்கிறேன்.

பெருந்தீக்குப் பின் நடந்தது மட்டும் உங்கள் மாணவர்களுக்குச் சொல்லத் தக்கது. தீ அணைந்த சில நாட்களுக்குள் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் அகன்ற நேர்த் தெருக்களும் சதுக்கங்களும் கொண்ட புதிய நகருக்கு வரைபடம் கொடுத்தார். அது நடக்கவில்லை. எரிந்த மனைக்காரர் ஒவ்வொருவரும் தம் மனை தம் இடத்திலேயே வேண்டும் என்றார். அனைவரிடமும் நிலத்தை விலைக்கு வாங்க அரசிடம் பணமில்லை. ஆகவே பழைய சந்து பொந்துகளின் தடத்திலேயே, சில தெருக்களை மட்டும் அகலமாக்கி, மரத்துக்குப் பதிலாகச் செங்கல்லிலும் கல்லிலும் ஊரை எழுப்பினார்கள். வீட்டுக்காரருக்கும் குடியிருந்தவருக்கும் இடையே, எரிந்த வீட்டை யார் கட்டுவது என்ற வழக்குகளைத் தீர்க்கத் தனி நீதிமன்றமே ஏற்படுத்தினார்கள். பணத்துக்கு, லண்டன் துறைமுகத்தில் வந்து இறங்கும் நிலக்கரி மீது வரி போட்டார்கள். நீங்கள் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கக்கூடிய புனித பவுல் பேராலயத்தின் குவிமாடம் அந்தக் கரி வரியில் எழுந்தது. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வரும்.

இனி, உங்கள் கடிதத்தில் என்னைச் சினம்கொள்ளச் செய்த வரிக்கு வருகிறேன். சுத்தம் நம் மக்களின் இரத்தத்திலேயே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதியவர் ஒரு வரலாற்று ஆசிரியர் என்பதால்தான் இதை எளிதாக விட மனம் வரவில்லை. தேநீர்க் கடையில் யாரேனும் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு நகர்ந்திருப்பேன். உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் நீங்கள் சொல்வதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்பவர்கள்.

சுத்தம் இரத்தத்தில் ஓடுவதாக நீங்கள் நினைக்கும் அந்த மக்கள் இருநூறு ஆண்டுகளுக்கு முன் எப்படி வாழ்ந்தார்கள் என்று பார்ப்போம். 1801-இல் லண்டனில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இருந்தார்கள்; நூற்றாண்டின் நடுவில் அது இருபத்தைந்து லட்சத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. வீட்டின் அடியிலோ கொல்லையிலோ மலக்குழி. அது நிரம்பியதும் இரவில் ஆட்கள் வந்து அள்ளி வண்டியில் ஏற்றி, ஊருக்கு வெளியே இருந்த தோட்டங்களுக்கு எருவாக விற்றார்கள். ஊர் பெருகப் பெருகத் தோட்டங்கள் தொலைவுக்குப் போயின. வண்டிக் கூலி ஏறியது. 1840-களில் தென்னமெரிக்காவிலிருந்து கப்பலில் பறவை எச்சம் எருவாக வந்து இறங்கவே, லண்டன் மலத்துக்கு வாங்குவார் இல்லாமல் போயிற்று. அதே காலத்தில் வசதியுள்ள வீடுகளில் தண்ணீர் ஊற்றும் கழிப்பறை பரவியது. 1851-இல் ஹைட் பார்க்கில் நடந்த உலகக் கண்காட்சியில், ஒரு பென்னி கொடுத்து அத்தகைய கழிப்பறையைப் பயன்படுத்தியவர்கள் எட்டு லட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு முறையும் குடம் குடமாகத் தண்ணீர் இறங்கினால் மலக்குழி என்ன ஆகும்? பொங்கியது. மழைநீருக்கென்று கட்டியிருந்த வடிகால்களில் வீட்டுக் கழிவை விடுவது 1815 வரை குற்றமாக இருந்தது, பிறகு அனுமதித்தார்கள், 1848-இல் கட்டாயமாக்கினார்கள். அந்த வடிகால்கள் அனைத்தும் தேம்ஸில் முடிந்தன.

இதில் வேடிக்கை, செய்தவர்கள் சுத்தத்தின் பெயரால்தான் இதைச் செய்தார்கள். கெட்ட காற்றால் நோய் வருகிறது என்பது அன்றைய மருத்துவத்தின் உறுதியான நம்பிக்கை. சுகாதாரச் சீர்திருத்தத்தின் பெருந்தலைவரான எட்வின் சாட்விக், வீடுகளிலிருந்து நாற்றத்தை அகற்றினால் போதும் என்று கழிவை ஆற்றுக்குத் தள்ள வைத்தார். அந்த ஆற்றிலிருந்துதான் தனியார் குடிநீர் நிறுவனங்கள் பல குழாய் போட்டு ஊருக்குத் தண்ணீர் விற்றுக்கொண்டிருந்தன. 1848–49 காலராவில் லண்டனில் மட்டும் ஏறத்தாழ 14,000 பேர் மாண்டார்கள். 1854-இல் ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர், பிராட் தெருவின் கைப்பம்பைச் சுற்றி யார் யார் இறந்தார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினார். தென்லண்டனில், கழிவு கலந்த கீழாற்றுத் தண்ணீரை விற்ற நிறுவனத்தின் வீடுகளையும் மேலாற்றுக்கு மாறிவிட்ட நிறுவனத்தின் வீடுகளையும் ஒரே தெருவில் வைத்து ஒப்பிட்டு, முன்னதில் சாவு பல மடங்கு என்று காட்டினார். பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். அவர் கருத்தை மட்டும் ஏற்கவில்லை.

1858 ஜூன் மாதம் கடும் வெயில். ஆறு வற்றிக் கரையெல்லாம் மலச்சேறு காய்ந்து கிளம்பிய நாற்றத்தை லண்டன்காரர்கள் இன்றும் 'பெரும் நாற்றம்' என்றே வரலாற்றில் குறிக்கிறார்கள். நாடாளுமன்றம் ஆற்றங்கரையில் இருந்தது அந்த ஊரின் நற்பேறு. ஜன்னல் திரைகளைச் சுண்ணக் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டும் உறுப்பினர்களால் உட்கார முடியவில்லை. கட்டடத்தையே வேறிடத்துக்கு மாற்றலாமா என்று பேசினார்கள். ஸ்னோ அந்த ஜூன் 16-ஆம் நாள், தாம் சொன்னது சரி என்று ஏற்கப்படுவதைக் காணாமலே இறந்தார். ஜூலை 15-ஆம் நாள் நிதியமைச்சர் டிஸ்ரேலி சட்ட முன்வரைவைக் கொண்டுவந்தார். ஆகஸ்ட் 2-ஆம் நாள் அது சட்டமாயிற்று.

பதினெட்டு நாட்கள். லண்டன் மக்களின் இரத்தம் இந்தப் பதினெட்டு நாட்களில் மாறிவிட்டதா, கே. எஸ்.?

மாறியது வேறு. ஜோசப் பாஸல்ஜெட் என்னும் பொறியாளரின் திட்டம் 1856 முதலே தயாராக இருந்தது. கழிவை எந்த இடத்தில் ஆற்றில் விடுவது, யார் செலவு செய்வது என்று அதிகாரிகள் இரண்டு ஆண்டுகள் அதைத் திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன் நிலைமை இன்னும் மோசம். 1855 வரை லண்டன் என்று முழு ஊருக்குமான ஆட்சி அமைப்பே கிடையாது. பழைய மதிலுக்குள் இருந்த சதுர மைலுக்கு ஒரு மாநகராட்சி. அதற்கு வெளியே திருச்சபைப் பங்குகள், தெருத் தளம் போடும் வாரியங்கள், விளக்கு வாரியங்கள் என்று சுமார் முந்நூறு அமைப்புகள். வடிகாலுக்கு மட்டும் 1840-களின் இறுதி வரை எட்டு ஆணையங்கள் இருந்தன. ஒன்றின் எல்லையில் போட்ட வடிகாலின் மட்டம் அடுத்ததன் மட்டத்தோடு சேராத இடங்கள் உண்டு. 1855-இல் மாநகரப் பணிகள் வாரியம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். 1858 சட்டம் அதற்குக் கடன் வாங்கும் உரிமையையும், தன் முடிவைத் தானே நிறைவேற்றும் அதிகாரத்தையும், கடனை அடைக்க ஊர் முழுவதும் வரி வாங்கும் வழியையும் கொடுத்தது. பழைய வடிகால்கள் சரிவில் இறங்கி ஆற்றில் விழுந்தன. பாஸல்ஜெட் அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் பெருங்குழாய்களைச் செங்கல்லால் கட்டினார். அவை மட்டும் 82 மைல் நீளம். தாழ்வான பகுதிகளின் கழிவை நீராவி எந்திரங்கள் மேலேற்றின. கிராஸ்னெஸ் நீரேற்று நிலையம் 1865-இலும் ஆபி மில்ஸ் 1868-இலும் இயங்கத் தொடங்கின. ஆற்றின் விளிம்பில் கிடந்த சேற்றை மறைத்துப் புதிய கரை எழுப்பினார்கள். அதற்கான பணம், மறுபடியும், நிலக்கரி வரியிலிருந்து வந்தது. நீங்கள் வைகையை நினைத்து வெட்கப்பட்டு நின்றீர்களே, அந்தக் கரையோரப் பாதைதான் அது, 1870-இல் திறந்தது. உங்கள் காலடியில் சுரங்க ரயிலும் பாதாளச் சாக்கடையும் போய்க்கொண்டிருந்தன.

எங்கள் வீடு அப்போது கீரைத்துறைப் பக்கம். அப்பா ஓவர்சியராக இருந்தார். மழை பெய்தால் மற்றவர்கள் வீட்டுக்குள் வருவார்கள். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போவார், தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்க்க. எந்தத் தெருவின் அடியில் எந்தக் காலத்துக் குழாய், எந்த மூடி தார் ரோட்டுக்கு அடியில் புதைந்துபோனது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வரைபடம் பார்த்து நான் கண்டதில்லை. கிருதுமால் ஓரமாக என்னைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டிப் போகும்போது, இது சாக்கடை இல்லை, ஆறு என்று சொல்வார். எனக்குச் சிரிப்பு வரும். பாகவதத்தில் சத்தியவிரதன் என்னும் திராவிட மன்னன் கிருதமாலா ஆற்றில் இறங்கித் தர்ப்பணம் செய்தபோதுதான் அவன் கையில் சிறு மீன் வந்தது, அதுவே மச்சாவதாரம் என்று அவர் விளக்கும்போது, எதிரே கறுப்பாக நுரைத்துக்கொண்டு போகும் அந்த நீரில் இறங்கிய மன்னனை நினைத்து மூக்கைப் பொத்திக்கொள்வேன். ஏன் அப்பா இதைச் சரி செய்யக் கூடாது என்று ஒருமுறை கேட்டதற்கு அவர் சொன்னது: "தண்ணிக்கு வார்டு எல்லை தெரியாதுடா. ஆபீசுக்கு அது ஒண்ணுதான் தெரியும்." ஆறு ஒரு துறைக்கு, கரை இன்னொரு துறைக்கு, அதன் மேலுள்ள பாலம் மூன்றாவதற்கு, அதில் வந்து விழும் கழிவு நான்காவதற்கு. லண்டனின் முந்நூறு வாரியங்களைப் பற்றிப் படித்தபோது அப்பாவின் குரலில்தான் படித்தேன்.

லண்டனுக்கும் ஒரு கிருதுமால் உண்டு. ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் பிறந்து தெற்கே இறங்கித் தேம்ஸில் சேரும் ஃப்ளீட் ஆறு. ஒரு காலத்தில் அதன் முகத்துவாரத்தில் படகுகள் சரக்கு இறக்கின. ஸ்மித்ஃபீல்டின் கசாப்புக் கடைகள் குடலையும் இரத்தத்தையும் அதில் கொட்டின. பெருந்தீக்குப் பிறகு ரென் அதன் கீழ்ப்பகுதியைக் கரை கட்டிய அழகிய கால்வாயாக மாற்றிக் காட்டினார். சில பத்தாண்டுகளில் அது மறுபடியும் குப்பையால் தூர்ந்தது. 1730-களில் கால்வாயின் ஒரு பகுதியையும் 1760-களில் அதன் மிச்சத்தையும் மூடினார்கள். இன்று அது ஃபாரிங்டன் தெருவின் அடியில் சாக்கடையாக ஓடுகிறது. ரே தெருவில் ஓர் இரும்புச் சல்லடையின் அருகே குனிந்தால் அதன் ஓசை கேட்கும். அவர்கள் ஆற்றைக் காப்பாற்றவில்லை, கே. எஸ். புதைத்தார்கள், பூமிக்கு மேலே தெரியாததால் உங்களுக்கு வெட்கம் வரவில்லை.

பாஸல்ஜெட்டின் பெருங்குழாய்களும் கழிவை ஒழிக்கவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் இது அரை உண்மையாகிவிடும். அவை கழிவைக் கிழக்கே கொண்டுபோயின. கிழக்குத்தான் துறைமுகக் கூலிகளும் ஏழைகளும் இருந்த பகுதி. 1866-இல் காலரா கடைசியாக வந்தபோது, புதிய குழாய்களோடு இன்னும் இணைக்கப்படாத அந்தக் கிழக்குப் பகுதியில்தான் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெக்டனிலும் கிராஸ்னெஸிலும் கழிவை அப்படியே ஆற்றில் விட்டார்கள், வற்றும் அலை கடலுக்கு இழுத்துச் செல்லும் என்ற கணக்கில். 1878 செப்டம்பரில் 'பிரின்ஸஸ் ஆலிஸ்' என்னும் உல்லாசப் படகு அந்த இடத்துக்கு அருகில் மோதி மூழ்கியது. அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்கள் விழுந்தது சற்று முன்னர்த் திறந்துவிட்ட கழிவுக்குள். அதன் பிறகுதான் மலச்சேற்றைப் பிரித்துக் கப்பலில் ஏற்றி, 1887 முதல் கடலில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அந்தக் கப்பல்கள் நின்றது 1998-இல். நேற்று நடந்ததைப் போன்றது. நம் கிருதுமாலும் நகரக் கழிவை வாங்கிக்கொண்டு தென்கிழக்கே சிந்தாமணியைத் தாண்டிப் போகிறது. நல்ல தண்ணீர் விடுங்கள் என்று கீழே நரிக்குடிப் பக்கத்து உழவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஊர் தன் அழுக்கைக் கீழ்மடைக்காரன் தலையில் இறக்குவதில் லண்டனுக்கும் மதுரைக்கும் வேற்றுமை கிடையாது.

வேற்றுமை ஓரிடத்தில் உண்டு. அதைத்தான் உங்கள் 'இரத்தம்' என்ற சொல் மறைக்கிறது. இடைக்கால லண்டனில் மலக்குழி அள்ளியவர்கள் பகலில் வேலை செய்யக் கூடாது என்று விதி இருந்தது, வேலை ஆபத்தானது, ஆனால் கூலி மற்றக் கூலிகளைவிட நன்றாக இருந்தது, மகனும் அதையே செய்தாக வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் அவர்களைக் கட்டவில்லை. எங்கள் தெருவின் பின்பக்கச் சந்தில் எடுப்புக் கக்கூஸ்கள் இருந்தன. விடியற்காலையில் தகர வாளியோடு ஒரு பெண் வருவார். என் பாட்டி மேலே நின்று, தொடாமல், உயரத்திலிருந்து அவர் கையில் தண்ணீர் ஊற்றுவார். ஆண்டுக்கணக்கில் வந்த அவருடைய பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஊரின் குழாய்களையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்த என் அப்பாவுக்கும் தெரியாது. மலம் அள்ளும் வேலைக்கு ஆளமர்த்துவதைத் தடை செய்து 1993-இல் ஒரு சட்டம் வந்தது. போதவில்லை என்று 2013-இல் இன்னொன்று வந்தது. அதற்குப் பிறகும் இந்த நாட்டில் ஆட்கள் மேன்ஹோலுக்குள் இறங்கி விஷவாயுவில் சாகிறார்கள். சாகிறவர்கள் எந்தச் சாதி என்பதை நான் எழுத வேண்டியதில்லை. இரத்தம், சுத்தம் என்னும் இரண்டு சொற்களையும் ஒரே வரியில் சேர்த்து எழுதினால் நம் ஊரில் அது எங்கே போய் முடியும் என்பது வரலாறு கற்பிக்கும் உங்களுக்குத் தெரியாதா? அந்தப் பெண்ணைத் தொடாமல் தண்ணீர் ஊற்றிய கை, தன்னைச் சுத்தமான இரத்தம் என்றுதான் நம்பியது. ஊரைச் சுத்தமாக வைத்திருந்தது யாருடைய கை?

கடுமையாக எழுதுகிறேன் என்று வருந்தாதீர்கள். விடுமுறைக்குப் போன இடத்தில் கடைகளைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்து நின்ற ஆசிரியரிடம்தான் இதை எழுத முடியும். அந்த வெட்கம் நல்லது. அதை இரத்தத்தின் மீது போடுவதுதான் பிழை. இரத்தம் என்று சொல்லிவிட்டால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை, வரி கட்ட வேண்டியதில்லை, வாரியத்தைக் கேள்வி கேட்க வேண்டியதில்லை, தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

லண்டனே இந்தப் பாடத்தை மறந்து மறந்து கற்கிறது. 1889-இல் முழு ஊருக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் வந்தது. 1965-இல் அது விரிந்தது. 1986-இல் மத்திய அரசுக்குப் பிடிக்காமல் கலைக்கப்பட்டது. 2000 வரை முழு ஊருக்குமான ஆட்சி இல்லாமலே இருந்தார்கள். பேராலயத்தையும் ஆற்றங்கரையையும் கட்டிக் கொடுத்த அதே நிலக்கரியின் புகை, 1952 டிசம்பரில் மூடுபனியோடு கலந்து சில நாட்களில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் காற்றுக்குச் சட்டம் வந்தது. 1957-இல் தேம்ஸை உயிரற்ற ஆறு என்றே அறிவியலாளர்கள் அறிவித்தார்கள். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை மறுபடி கட்டியபின், 1974-இல் நூற்றாண்டுக்கு மேல் காணாத சால்மன் மீன் அதில் அகப்பட்டது. அப்போதும் கதை முடியவில்லை. விக்டோரியா காலத்துக் குழாய்கள் மழைநீரையும் மலநீரையும் சேர்த்தே சுமப்பவை; கொஞ்சம் மழை பெய்தாலே ஆற்றில் வழிந்தன. அதைத் தடுக்க 25 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆற்றின் அடியில் புதிய சுரங்கம் வெட்டி, 2025-இல்தான் முழுவதுமாக இணைத்தார்கள். செலவை லண்டன்காரர்கள் தங்கள் தண்ணீர்க் கட்டணத்தில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், முணுமுணுத்துக்கொண்டே.

ஐந்து பக்க அறிமுகத்துக்கு வருகிறேன். அடிமை வணிகம், துறைமுகங்களின் எழுச்சியும் மூடலும், கரீபியத் தீவுகளிலிருந்தும் நம் துணைக்கண்டத்திலிருந்தும் வந்து அந்த ஊரை ஓட்டிக்கொண்டிருக்கும் மக்கள் எல்லாம் விடுபட்டுவிட்டன. ஐந்து பக்கத்தில் அவை அடங்கா. அதற்குப் பதில் ஒரே ஒரு நாளை வைத்துப் பாடம் நடத்துங்கள். 1858 ஆகஸ்ட் 2. லண்டனின் சாக்கடைச் சட்டத்துக்கு அரசியின் ஒப்புதல் கிடைத்த அதே நாளில்தான் கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து இந்தியாவின் ஆட்சியை முடியரசு எடுத்துக்கொண்ட சட்டத்துக்கும் ஒப்புதல் கிடைத்தது. பிளாக்பர்னை மதுரைக்கு அனுப்பிய கம்பெனியின் தலைமை மாளிகை லண்டனில் லீடன்ஹால் தெருவில் இருந்தது. 1861-இல் அதையும் இடித்துவிட்டார்கள், இன்று அந்த இடத்தில் லாயிட்ஸ் காப்பீட்டுக் கட்டடம் நிற்கிறது. அந்த நாற்றமடித்த கோடையில் ஒரே மன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்கள், தங்கள் ஆற்றுக்கு முப்பது லட்சம் பவுண்டு கடன் எழுப்ப வழிசெய்தார்கள். வைகைக் கரை உட்பட ஒரு துணைக்கண்டத்தைத் தங்கள் அரசியின் பெயருக்கு மாற்றிக்கொண்டார்கள். மதுரைக்கு நகராட்சி 1866-இல் வந்தது. அதன் கையில் எவ்வளவு பணம், எவ்வளவு அதிகாரம் விட்டுவைத்தார்கள் என்பதை மாணவர்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும். பழைய அறிக்கைகள் நூலகங்களில் உள்ளன.

அதை முடித்த பிறகு, எல்லிஸ் நகரிலிருந்து கீரைத்துறை வரை கிருதுமால் ஓரமாக அவர்களை நடத்திக்கொண்டு போங்கள். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் நிற்க முடியாது. எந்த இடத்தில் எந்தக் குழாய் வந்து விழுகிறது என்று அவர்கள் குறித்துக்கொள்ளட்டும். திரும்பி வந்ததும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு எழுதச் சொல்லுங்கள்: இந்த ஆறு எந்தத் துறையின் பொறுப்பில் உள்ளது, அதில் வீட்டுக் கழிவை விட யார் அனுமதி கொடுத்தார்கள், அதை நிறுத்த எந்த ஆண்டுக்குள் எவ்வளவு ஒதுக்கப்பட்டிருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்ட வேண்டும். பிள்ளைகளை இழுத்துவிடாமல் உங்கள் பெயரிலேயே அனுப்புங்கள். முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம்; எங்களுடையது இல்லை என்று வேறு துறைக்குத் தள்ளிவிட்டால், அந்தக் கடிதத்தின் நகலையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.